தவறவிட வேண்டிய பந்து

ஓல்மேராவின் முட்டைக் கடைக்காரர் காசில்டாவிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பார்.

"டஜனா, இல்ல பதினொண்ணு போதுமா?"

பத்து வருஷமாக அதே கேள்வி. அவளும் பத்து வருஷமாக அதே பதிலைச் சொல்லி வந்தாள்: "டஜன். உடைஞ்சது ஒண்ணு இருந்தா அதை நீங்களே வாயில போட்டுக்கோங்க."

வருஷக் கடைசி ராத்திரியில் ஊர் மணி பன்னிரண்டு அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சை விழுங்க வேண்டும். பதினோராவது அடி விழுந்ததும் சதுக்கத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து குரல் வரும்: "காசில்டா, நிறுத்திக்கலாம்." கூட்டம் சிரிக்கும். இரண்டு பேருக்காவது திராட்சை தொண்டையில் மாட்டும். ஒரு வருஷம் அவள் கணவன் பெர்மினும் சேர்ந்து சிரித்துவிட்டான். அடுத்த ஒரு வாரம் அவன் வீட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றே காலம் தள்ளினான்.

ஊர் அவளுக்கு வைத்த பெயர் பன்னெண்டு.

காசில்டா அர்னாயிஸ் அந்த ஊரின் தபால்காரி. உயரம் ஐந்தடி. வாழ்நாளில் ஒரு முறைகூட கூடைப்பந்தைக் கூடைக்குள் போட்டதில்லை. ஊர் அணிக்குள் அவள் வந்ததே ஒரு பதிவுத் தபாலால்தான். 1993இல் கூடைப்பந்து சம்மேளனத்திலிருந்து கிளப்புக்கு ஒரு கடிதம் வந்தது. கிளப் தலைவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால், நீயே படித்துச் சொல் என்றார். படித்தாள். அணிக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் லீக்கில் சேர்க்க மாட்டோம் என்று எழுதியிருந்தது. "அது என்ன வேலை?" என்றார் தலைவர். "பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கணும், எல்லாரும் வந்துட்டாங்களான்னு எண்ணணும், கையெழுத்துப் போடணும்," என்றாள் காசில்டா. "அதைத்தான நீ தினமும் செய்யறே," என்றார் அவர். வேலை முடிந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் பெஞ்சின் கடைசி இருக்கை அவளுடையது. காலடியில் பழைய தபால் பை. அதற்குள் ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகள், கத்தரிக்கோல், பிளாஸ்திரி, ஊசி நூல், யாராவது மறந்துவிட்டு வரும் காலுறைக்கு மாற்றாக இரண்டு ஜோடி. ஓல்மேரா ஆடுவது நான்காம் நிலை லீக்கில். ஆடுகிறவர்களில் ஒருவன் பால் டேங்கர் ஓட்டுகிறான், ஒருவன் பள்ளிக்கூட வாத்தியார், இரண்டு பேர் பாலாடைக்கட்டி ஆலையில் வேலை. நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போவது அந்த ஊருக்கு ஒரு கனவு. அந்தக் கனவு ஒரு முறை கைக்கு வந்து நழுவியது. நழுவவிட்டவள் காசில்டா.

நடந்தது இதுதான். மேலே ஏறுவதற்கான சுற்றில் நான்கு அணிகள், மூன்று நாள். எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். நாலில் ஒருவருக்குத்தான் மேலே இடம். மூன்று அணிகள் சம வெற்றியோடு நின்றால், அந்த மூன்று பேரும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் எத்தனை புள்ளி கூடுதலாக எடுத்தார்கள் என்று பார்ப்பார்கள். ஊரில் அதை அவரேஜ் என்பார்கள். அந்த ஆட்டங்களை மட்டும்தான் பார்ப்பார்கள். நாலாவது அணியை எத்தனை புள்ளியில் நசுக்கியிருந்தாலும் அது கணக்கில் வராது.

2009 மே மாதம் காசில்டா அதைக் கணக்கில் சேர்த்துவிட்டாள். கடைசி அணியை ஓல்மேரா முப்பத்தொரு புள்ளியில் வென்றிருந்தது, எதிரணி இருபத்தொன்பதில். அந்த இரண்டு புள்ளி நமக்குச் சாதகம் என்று நினைத்தாள். பன்னிரண்டு புள்ளி வரை தோற்றாலும் நாம்தான் மேலே என்று பயிற்சியாளரிடம் சொன்னாள். உண்மையில் பதினொன்று வரைதான்.

கடைசி ஒன்பது வினாடி. ஓல்மேரா பன்னிரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து அந்தோலின் பார்ரியுசோவின் கையில். பால் டேங்கர் ஓட்டுகிறவன் அவன்தான், அப்போது வயது இருபத்தைந்து. கூடைக்குக் கீழே அவன் முன்னால் ஆளே இல்லை. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். காசில்டா பத்து விரலையும் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டி, போதும் என்று கையசைத்தாள். அவன் பந்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சைரன் அடிக்கும் வரை நின்றான்.

நான்கு நிமிஷம் மைதானத்தின் நடுவே கட்டிப்பிடித்து ஆடினார்கள். ஐந்தாவது நிமிஷம் சம்மேளன அதிகாரி ஒரு தாளோடு வந்தார்.

ஊர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு மாதத்தில் தீர்ந்திருக்கும். கேலி செய்தது, அதற்கு முடிவே இல்லை. ஆனால் அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாமல் போனது அந்தோலினைத்தான். அவன் ஒரு நாளும் கேலி செய்ததில்லை. மழை பற்றிப் பேசுவான், கணுக்காலுக்குப் பிளாஸ்திரி கேட்பான், டேங்கரை நிறுத்தித் தபால் வாங்கிக்கொள்வான். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு, நமக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று அவளிடம் அவன் கேட்டதே இல்லை. பெஞ்சைத் திரும்பிப் பார்க்கும்போதுகூட அவன் கண் கடைசி இருக்கைக்கு முன்பே நின்றுவிடும்.

*

பத்து வருஷம் கழித்து ஓல்மேரா மறுபடியும் அந்தச் சுற்றுக்கு வந்தது.

புதுப் பயிற்சியாளர் கோர்காவுக்கு வயது முப்பத்தொன்று. கையில் எப்போதும் டேப்லெட். பஸ் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டான்: "காசில்டா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை கணக்கு என் வேலை. டவல் உங்க வேலை."

"டவல் பதினாலு இருக்கு," என்றாள் அவள். "நீயே எண்ணிக்கோ."

பின் இருக்கையில் ஒருவன் சிரித்து இருமினான்.

ஆட்டங்கள் பெனியால்வாவில் நடந்தன. வெள்ளிக்கிழமை ஓல்மேரா, தீவிலிருந்து வந்த நாலாவது அணியான தீவுக்காரர்களை வென்றது. சனிக்கிழமை உள்ளூர் அணியான பெனியால்வாவை எட்டுப் புள்ளியில் வென்றது. பெனியால்வா அதற்கு முந்தின நாள் லா மரீனாவை ஐந்து புள்ளியில் வென்றிருந்தது. லா மரீனா சனிக்கிழமையும் பெனியால்வா ஞாயிறு காலையும் தீவுக்காரர்களை ஊதித் தள்ளின. மிச்சம் ஒரே ஆட்டம்: ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு, ஓல்மேராவும் லா மரீனாவும்.

ஜெயித்தால் பேச்சே இல்லை, மேலே. தோற்றால் மூன்று அணிகள் சமம், அவரேஜ் வரும்.

விடுதி அறையில் காசில்டா கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆள் இல்லாத வீடுகளில் விட்டுவரும் மஞ்சள் தபால் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். தீவுக்காரர்களை எழுதவே இல்லை. ஆறு வந்தது. ஆறு வரை தோற்கலாம், ஏழென்றால் லா மரீனா. இன்னொரு சீட்டில் முதலிலிருந்து போட்டாள். ஆறு. மூன்றாவது சீட்டிலும் ஆறு. காலை உணவில் கோர்கா டேப்லெட்டை உயர்த்திக் காட்டி, "ஆறு, பசங்களா. ஆனா நாம ஜெயிக்கத்தான் போறோம்," என்றபோது அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் கையைத் துடைத்துக்கொண்டாள். உள்ளங்கை அவ்வளவு ஈரம்.

*

மூன்றாம் கால் ஆட்டம் வரை எல்லாம் சுகமாகப் போனது. ஓல்மேரா பத்துப் புள்ளி முன்னால். ஊரிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்தவர்கள் மேளம் கொட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் அணி போய்விட்ட சோகத்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஷேக்குக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்தது. ஐந்தானால் மறுபடி உள்ளே போக முடியாது. செனகல்காரன், பாலாடைக்கட்டி ஆலையில் வேலை, அணியில் இரண்டு மீட்டர் தாண்டியவன் அவன் ஒருவன்தான். வெளியே வந்து காசில்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து டவலை முகத்தில் போட்டுக்கொண்டான். நாலு நிமிஷத்தில் பந்தை நடத்துகிற ரவூலும் ஐந்து ஃபவுலோடு வந்து சேர்ந்தான்.

"நீ என்னடா பண்ணே?" என்றாள் காசில்டா.

"மூச்சு விட்டேன். அதுக்கும் விசில் ஊதிட்டான்."

உள்ளே இருந்த ஐந்து பேரில் ஒருவன் நொண்டினான். இன்னொருவன் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன், அந்த வருஷம் முழுவதும் சேர்த்து அரை மணி நேரம் ஆடியிருப்பான். பத்துப் புள்ளி ஆறாயிற்று, இரண்டாயிற்று, சமமாயிற்று. இருபத்தைந்து வினாடி இருக்கும்போது லா மரீனா இரண்டு புள்ளி முன்னால் போனது. 71–69. கோர்காவிடம் இடைநிறுத்தம் எதுவும் மிச்சமில்லை.

பந்து அந்தோலினிடம் வந்தது. பதினைந்து வினாடி. அவன் எதிரே நின்ற லா மரீனா ஆள் ஒதுங்கி வழிவிட்டான். கதவைத் திறந்துவிடுகிற மாதிரி. அந்தோலின் குழம்பிப் போய் உள்ளே போகாமல் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றான். ஒன்பது வினாடி. லா மரீனாவின் பயிற்சியாளர், நரைத்த குடுமிக்காரர், கோட்டோரம் ஓடி வந்து கத்தினார்: "பிடி அவனை. பிடி."

ஐந்து வினாடி இருக்கும்போது அந்தோலினை இரண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடித்தார்கள். விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

ஓல்மேரா கூட்டம் எழுந்து நின்றது. அந்த சீசனில் அந்தோலின் தொடர்ந்து நாற்பத்தொரு ஃப்ரீ த்ரோ போட்டிருந்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. கோர்கா இரண்டு முஷ்டியையும் உயர்த்தினான்.

"கிறுக்கனுங்க," என்றான் ரவூல். "ரெண்டு புள்ளி முன்னாடி இருந்துக்கிட்டு அவனைப் போய்ப் பிடிக்கிறாங்க. நாட்டுலேயே நல்லாப் போடறவனை."

காசில்டாவுக்கு முதுகில் குளிர் ஏறியது. லா மரீனாக்காரர்கள் கிறுக்கர்கள் அல்ல. இரண்டு புள்ளியில் ஜெயித்து லா மரீனாவுக்கு ஒரு பயனும் இல்லை, அவர்களுக்கு ஏழு வேண்டும். ஐந்து வினாடியில் ஏழு வராது. ஆனால் அந்தோலின் இரண்டையும் போட்டால் சமம். சமமென்றால் கூடுதல் நேரம், முழுசாக ஐந்து நிமிஷம். ஷேக் இல்லை, ரவூல் இல்லை, நொண்டுகிறவன் ஒருவன். அந்த ஐந்து நிமிஷத்தில் ஏழென்ன, பத்துகூட வரும்.

மேலே போக வேண்டுமானால் ஓல்மேரா இப்போதே தோற்க வேண்டும். அந்தோலின் ஒரு பந்தையாவது தவறவிட வேண்டும்.

கூடைக்குக் கீழே யாரோ விழுந்து வியர்வை தேங்கியிருந்தது. ஒருவர் துடைப்பத்தோடு ஓடி வந்து துடைத்தார். அது ஒன்றுதான் கிடைத்த நேரம். பெஞ்சில் பயிற்சியாளரைத் தவிர யாரும் எழுந்து நிற்கக் கூடாது என்று நடுவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். காசில்டா உட்கார்ந்தபடியே இருக்கைகளைத் தாண்டி நகர்ந்து, கோர்காவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"கோர்கா. அவனைத் தவறவிடச் சொல்லு."

"என்ன?"

"பந்தை. தவறவிடச் சொல்லு. கூடுதல் நேரத்துக்குத்தான் அவங்க அலையறாங்க. இப்படியே முடிஞ்சா நாம மேல."

கோர்கா அவளைப் பார்த்த பார்வையை அவள் பத்து வருஷமாக முட்டைக் கடையில், தபால் வாசலில், ரொட்டி வரிசையில் பார்த்திருக்கிறாள்.

"காசில்டா, இன்னொரு கணக்கா?"

"இது கணக்கு இல்லடா. உள்ள யாரு நிக்கறாங்கன்னு பாரு."

"கூடுதல் நேரம் வந்தாலும் ஆறு புள்ளி நம்ம கையில இருக்கு. ஜெயிச்சுப் போவோம், தோத்துப் போக வேண்டாம். உக்காருங்க."

"உக்காந்துதான இருக்கேன்."

அவன் திரும்பிக்கொண்டான். வாயைக் குவித்துக் கத்தினான்: "ரெண்டும், அந்தோலின். ரெண்டும்."

காசில்டா கடைசி இருக்கைக்கே நகர்ந்து போனாள். துடைப்பக்காரர் வெளியேறினார். நடுவர் பந்தைக் கையில் எடுத்தார். அந்தோலின் கோட்டில் நின்று, பழக்கப்படி வலது உள்ளங்கையைக் காலுறையில் துடைத்தான். அப்போது அவன் நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தான். கோர்காவைப் பார்த்தான். ஷேக்கையும் ரவூலையும் பார்த்தான். வழக்கமாக நிற்கும் இடத்தில் அவன் பார்வை நிற்கவில்லை. கடைசி வரை வந்தது.

அவளிடம் இருந்தது ஒரு வினாடி. பத்து வருஷத்துக்கு முன் இதே இடத்திலிருந்து காட்டிய கையை இப்போது உயர்த்துவதற்கு அவளுக்குத் தைரியம் வேண்டியிருந்தது. தப்பாகிவிட்டால் ஓல்மேராவில் இனி தபால் போட முடியாது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்க வேண்டும். பெர்மின் வரமாட்டான், அவனுக்குக் கோழிகள் இருக்கின்றன.

காசில்டா தலையை இடவலமாக அசைத்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, வேண்டாம் என்று கீழே அழுத்திக் காட்டினாள்.

அந்தோலின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நடுவர் பந்தைக் கொடுத்தார்.

முதல் பந்தை அவன் வழக்கம்போல் மூன்று முறை தட்டவில்லை. வாங்கிய வேகத்தில் எறிந்தான். பந்து தட்டையாகப் பறந்து வளையத்தின் பின்புறத்தில் இடித்து நேராக மேலே எழும்பியது. பலகையின் உச்சி வரை போனது. அங்கே ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது. நேராக இறங்கி வலைக்குள் விழுந்தது.

71–70.

ஓல்மேரா கூட்டம் கத்தியது, மேளம் அதிர்ந்தது. கூடவே, எதிர் பெஞ்சில் நரைத்த குடுமிக்காரர் கைதட்டினார். அவர் ஆட்டக்காரர்களும் தட்டினார்கள். தங்களுக்கு எதிராக விழுந்த புள்ளிக்கு.

கோர்கா அதைப் பார்த்தான். உயர்த்திய முஷ்டி அப்படியே நின்றது. முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போவதைக் காசில்டா பார்த்தாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான், பிறகு மைதானத்தைப் பார்த்துக் கத்தினான்: "விடாதே, இல்ல, விடு, போடாதே." மேளச் சத்தத்தில் அது அவன் பக்கத்தில் இருந்த ஷேக்குக்கே கேட்கவில்லை.

இரண்டாவது பந்து. அந்தோலின் உள்ளங்கையைக் காலுறையில் துடைத்தான். பந்தை ஒரு முறை தட்டினான். இரண்டாம் முறை தட்டினான். மூன்றாம் முறையும் தட்டினான்.

இருபது வருஷமாகக் காசில்டா அந்தக் கையைப் பார்த்து வருகிறாள். மூன்று தட்டு என்றால் அவன் போடப் போகிறான். முழங்கால் மடங்கியது, முழங்கை கூடைக்கு நேராக வந்தது, எறிந்த கை கொக்கின் கழுத்துபோல் மடிந்தது. அழகான பந்து. நாற்பத்து மூன்று முறையில் அழகானது இதுதான் என்று சொல்லலாம். வளைந்து போய் வளையத்தின் உள்விளிம்பில் அமர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. அரைச் சுற்று கூடச் சுற்றியது.

வெளியே விழுந்தது.

லா மரீனாவின் உயரமான ஆள் துள்ளி அதைப் பிடித்தான். சின்ன வயதிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தபடி, கடைசி வினாடியில் முன்னால் இருக்கும்போது செய்ய வேண்டியபடி, பந்தை இரண்டு கையாலும் மார்போடு இறுக்கிக்கொண்டு குனிந்தான். நரைத்த குடுமிக்காரர் தலையில் கை வைத்தார். சைரன் அடித்தது. உயரமானவன் பந்தை மேலே எறிந்து கையை உயர்த்தினான். அவனைக் கட்டிப்பிடிக்க யாரும் ஓடி வரவில்லை.

*

ஓல்மேரா பெஞ்சில் எல்லாரும் எழுந்தார்கள். ரவூல் மைதானத்துக்குள் காலை வைத்தான்.

"உக்காரு," என்றாள் காசில்டா.

"மேல போயிட்டோம், காசில்டா."

"பேப்பர் வரட்டும்."

"ஒண்ணுதான தோத்தோம். ஆறு வரைக்கும்..."

"பேப்பர் வரட்டும்னேன்."

கோர்கா டேப்லெட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். மேலே இருக்கைகளில் ஓல்மேராவிலிருந்து வந்த பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள், மீதிப் பேர் அழுகிறவர்களின் தோளைப் பிடித்து உலுக்கி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். மேளக்காரருக்குக் கொட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

சம்மேளன அதிகாரி மேஜையில் உட்கார்ந்து கையால் எழுதிக் கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி கூட்டினார். ஏழு நிமிஷம் ஆனது. அந்த ஏழு நிமிஷமும் காசில்டா தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், சுருட்டினாள். தீவுக்காரர்களை அவள் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லைதானே? வெள்ளிக்கிழமை எட்டா, பெனியால்வாவோடு எட்டா? பெனியால்வாவோடுதான். சனிக்கிழமை. எட்டு.

"ஓல்மேரா பொறுப்பாளர்," என்று அழைத்தார் அதிகாரி.

அவள் போனாள். தாளில் மூன்று வரி இருந்தது. ஓல்மேரா, ஏழு கூடுதல். பெனியால்வா, மூன்று குறைவு. லா மரீனா, நான்கு குறைவு. அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தீவுக்காரர்கள் பெயர் அந்த மூன்று வரிக்குக் கீழே, கோட்டுக்கு அப்பால், தனியாக இருந்தது.

"ஏதாவது தப்பா?" என்றார் அதிகாரி.

"இல்ல," என்றாள். "சரியா இருக்கு." கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள்.

திரும்பி பெஞ்சைப் பார்த்துத் தலையாட்டினாள். அதன் பிறகு ஷேக் அவளைத் தூக்கினான். இரண்டு மீட்டர் உயரத்தில் ஐந்தடிப் பெண் காலை உதைத்துக்கொண்டு, "இறக்குடா, பாவாடைடா," என்று கத்தியதை பெனியால்வாக்காரர்கள்கூட எழுந்து நின்று பார்த்துக் கைதட்டினார்கள். ஓல்மேரா பக்கத்திலிருந்து யாரோ "பன்னெண்டு, பன்னெண்டு" என்று ஆரம்பித்தார்கள். இருநூறு பேர் சேர்ந்து கத்தினார்கள். அது கேலியா வேறு ஏதாவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. கத்துகிறவர்களுக்கும் விளங்கியிருக்காது.

கோர்கா வந்து முன்னால் நின்றான். டேப்லெட்டை எங்கோ வைத்துவிட்டிருந்தான்.

"நான் உங்க பேச்சைக் கேக்கல."

"ஆமா."

"அவன் கேட்டான்."

"ஆமா," என்றாள் காசில்டா.

*

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் நிலையத்தில் பஸ் நின்றது. பையன்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். காசில்டா வெளியே சுவரோரம் நின்று, காலையில் கட்டிக்கொண்டு வந்த முட்டை உருளைக்கிழங்கு ரொட்டியைப் பிரித்தாள். அந்தோலின் வந்து பக்கத்தில் சாய்ந்தான். அவள் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் மென்றார்கள்.

"நாளைக்கு மழை வரும்போல," என்றான் அவன்.

"வரட்டும்."

"காசில்டா."

"சொல்லு."

"எல்லாரும் நான் உங்க பேச்சைக் கேட்டு ரெண்டாவது பந்தைத் தவறவிட்டேன்னு சொல்றாங்க. கோர்கா வந்து கட்டிப்பிடிச்சு அழறான்." அவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அது அப்படி இல்ல. ரெண்டாவதை நான் போடத்தான் பார்த்தேன்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். மூன்று தட்டு. அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரியாத மாதிரி மூன்று மணி நேரம் இருந்திருக்கிறாள்.

"சரி," என்றாள்.

"இருங்க, முடிக்கல. முதல் பந்தை வெளிய போகட்டும்னுதான் எறிஞ்சேன். நீங்க கையைக் காட்டினீங்கல்ல, அதுக்குத்தான். தோள் கழண்டுடும்போல எறிஞ்சேன். அந்தச் சனியன் மேல போய்ட்டு உள்ள வந்து விழுந்துது. இருபது வருஷத்துல நான் வேணும்னே தவறவிடப் பார்த்தது அது ஒண்ணுதான், அதுவும் உள்ள போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பயந்துட்டேன். மறுபடியும் அந்த நாள் ஞாபகம் வந்துடுச்சு. பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னேன்ல, அது. நமக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், பேசாம போட்டுட்டுப் போவோம்னு தோணிச்சு. கை ஆடிடுச்சு."

பஸ்ஸிலிருந்து பாட்டு அடுத்த அடிக்குத் தாவியது. ஷேக்கின் குரல் தனியாகக் கேட்டது. காசில்டா ரொட்டி சுற்றியிருந்த தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"முதல் பந்து வெளிய போகணும்னுதான எறிஞ்சே?"

"ஆமா."

"நிஜமா?"

"அம்மா மேல சத்தியமா."

"அது எனக்குப் போதும்டா," என்றாள் காசில்டா.

அவன் தலையாட்டினான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்ச ரொட்டியைக் கடித்தாள்.

"ரெண்டாவதைப் பத்தி கோர்காகிட்ட மூச்சு விடாதே. இப்பத்தான் அவன் என்னைப் பாத்துக் கொஞ்சம் பயப்பட ஆரம்பிச்சிருக்கான்."

"எனக்கென்ன பைத்தியமா? நாற்பத்திரெண்டோட நின்னுபோச்சுன்னு நானே வெளிய சொல்லிக்குவேனா?" என்றான் அந்தோலின். பிறகு, ஏறப் போனவன் படியில் நின்று திரும்பினான். "அடுத்த வருஷம் மேல் லீக்ல எத்தனை ஜெயிச்சா கீழ இறங்காம தப்பிக்கலாம்?"

"பாத்துச் சொல்றேன்."

"சொல்லுங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். காசில்டா கடைசியாக ஏறி, எப்போதும் செய்கிறபடி, நடைபாதையில் நின்று விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். பதினாலு.

"சரியா இருக்கு. எடுங்க," என்றாள் டிரைவரிடம்.

பின்னாலிருந்து ரவூல் குரல் கொடுத்தான். "காசில்டா, எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிடுங்களேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் டிரைவரின் தோளில் கை வைத்து நிறுத்தச் சொன்னாள். திரும்பி, முதல் இருக்கையிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.